உருகிய மண்ணுக்குள் யுரேனியம் எவ்வளவு தூரம் போகும்?

தரையருகே வெடிக்கும் அணுகுண்டின் தீக்கோளம் மண்ணை அள்ளி உருக்கிவிடுகிறது. அதே வேளையில் குண்டின் உடல், பிளவில் பிறந்த புதுத் தனிமங்கள், குண்டைத் தாங்கிய கோபுரத்தின் இரும்பு எல்லாம் ஆவியாக இருக்கின்றன. கோளம் குளிரக் குளிர அந்த ஆவி உருகிய மண்துளிகளின்மேல் படிகிறது. துளிகள் கண்ணாடியாக இறுகி, கதிரியக்கத் தூசாகத் தரைக்குத் திரும்புகின்றன. மேற்பரப்பில் வந்து ஒட்டிய ஓர் அணு, துளி இறுகுவதற்குள் உள்ளே எவ்வளவு ஆழம் விரவியிருக்கும்? 1950கள் முதல் இதற்குப் பல விடைகள் வந்திருக்கின்றன. அவற்றை ஒன்றுக்கொன்று நேர்முரண் என்று சொல்லிவிட முடியாது. ஆவி வந்து படியும் வேகம், படிந்தது உள்ளே விரவும் வேகம், துளி குளிரும் வேகம் ஆகிய மூன்றில் ஒவ்வொரு விடையும் ஏதோ ஒன்றைப் பெரிதாக எடுத்துக்கொண்டு மற்றவற்றைச் சிறிதாக்கியது.

கேள்வி வெறும் அறிவு ஆர்வத்தில் பிறந்ததல்ல. சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 போன்றவை துகளின் தோலில் மட்டும் ஒட்டியிருந்தால் மழைநீரில் கரைந்து மண்ணுக்கும், புல்லுக்கும், பாலுக்கும் போய்ச் சேரும். கண்ணாடியின் உள்ளே சிக்கியிருந்தால் நெடுங்காலம் அங்கேயே கிடக்கும். தொடக்கத்தில் ஆய்வுக்குப் பணம் வந்தது இந்தக் கவலையால்தான். இன்று வேறொரு தேவையும் சேர்ந்திருக்கிறது: பெயர் தெரியாத ஒரு குண்டு எங்காவது வெடித்தால், கிடைக்கும் கண்ணாடித் துணுக்கைக் கொண்டு அது எந்த எரிபொருளால் ஆனது, யாருடையது என்று கண்டறிய வேண்டும். அணுத் தடயவியல் எனப்படும் இத்துறை 2001க்குப் பிறகு வேகமெடுத்தது. பழைய கேள்வியும் புதிய கருவிகளோடு திரும்பி வந்தது.

தோலா, உடலா?

சான் பிரான்சிஸ்கோவில் இயங்கிய அமெரிக்கக் கடற்படைக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆய்வகம்தான் முதல் விடைகளின் பிறப்பிடம். அங்கிருந்த ஆடம்ஸ், ஃபார்லோ, ஷெல் மூவரும் கதிரியக்கத் தூசுத் துகள்களை மெல்லிய சீவல்களாக வெட்டி, கதிரியக்கம் எங்கே இருக்கிறது என்று படம்பிடித்தார்கள். 1960இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை துகள்களை அவற்றின் பிறப்பைக்கொண்டு வகைப்படுத்தியது. முழுதாக உருகிய கண்ணாடிக் கோளங்களில் கதிரியக்கம் உடல் முழுதும் பரவியிருந்தது. உருகாத, ஒழுங்கற்ற வடிவுடைய துகள்களில் அது மேற்பரப்போடு நின்றிருந்தது. பசிபிக்கில் பவளத்திட்டுகளின்மேல் நடந்த சோதனைகளில் சிலிகேட் கிடையாது; அங்கே கால்சியம் கார்பனேட் சுண்ணாம்பாகி, பிறகு ஈரத்தை உறிஞ்சிப் பொடியானது. ஆகவே இக்கட்டுரையில் பேசப்படும் கண்ணாடி, பெரும்பாலும் நெவாடா, நியூ மெக்சிகோ பாலைநிலங்களின் கண்ணாடி.

அதே ஆய்வகத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஃப்ரைலிங் 1961இல் இதைக் கணக்காக்கினார். எளிதில் ஆவியாகாத சிர்கோனியம்-95 போன்றவை குழம்பு இறுகுவதற்கு முன்பே துளிக்குள் போய்விடும். ஆகவே ஒரு துகளில் அவற்றின் அளவு ஆரத்தின் மூன்றாம் அடுக்கைப் பின்பற்றும். சீசியம்-137இன் கதை வேறு. அது நேரடியாகப் பிறப்பதில்லை. ஏறத்தாழ 4 நிமிட அரைஆயுள் கொண்ட செனான்-137 என்ற வாயுவாக இருந்துவிட்டு, அது சிதைந்த பிறகே சீசியமாகிறது. அதற்குள் பெரிய துளிகள் இறுகிக் கீழே விழுந்திருக்கும். மீதமிருக்கும் துகள்களின் தோலில் மட்டுமே அது ஒட்ட முடியும். அதன் அளவு ஆரத்தின் இரண்டாம் அடுக்கைப் பின்பற்றும். 32 நொடி அரைஆயுள் கொண்ட கிரிப்டான்-90 வழியாக வரும் ஸ்ட்ரான்சியம்-90 இரண்டுக்கும் நடுவே நிற்கும். தனிம விகிதங்களை மடக்கை வரைபடத்தில் இட்டபோது அவை உண்மையிலேயே நேர்கோட்டில் விழுந்தன. இன்றுவரை தூசுப்பொழிவைக் கணிக்கும் நிரல்களில் இந்த உறவின் வழித்தோன்றல்கள் இருக்கின்றன.

ஆனால் அந்த நேர்கோடுகளின் சாய்வுக்கு ஃப்ரைலிங் தந்த விதி, ஒரே நிறையெண் கொண்ட சிதைவுத் தொடர் ஒன்றில் மண் இறுகும் தருணத்தில் எளிதில் ஆவியாகாத நிலையில் இருக்கும் பங்கின் வர்க்கமூலம் என்பது, தரவுக்குப் பொருந்தியதால் ஏற்கப்பட்டது. வர்க்கமூலம் ஏன் என்பதற்கு அதில் இயற்பியல் விளக்கம் இல்லை. விரவல் என்ற நிகழ்வே இக்கணக்கில் இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது: ஒன்று தோல், அல்லது உடல். இடையில் ஒரு சரிவு இருக்கலாம் என்பதற்கு இடமே விடப்படவில்லை.

மில்லரின் 1400 டிகிரி

1960களின் தொடக்கத்தில் கார்ல் மில்லர் வெப்ப இயக்கவியலைக் கொண்டுவந்தார். அவருடைய மாதிரியில் இரண்டு கட்டங்கள். மண் குழம்பாக இருக்கும்வரை ஆவியும் குழம்பும் சமநிலையில் இருக்கும். ஹென்றி விதிப்படி ஒவ்வொரு தனிமமும் குழம்பில் கரையும். வெப்பநிலை ஏறத்தாழ 1400 டிகிரி செல்சியசுக்கு இறங்கியதும் கதவு மூடப்படும். அதற்குமேல் வருவதெல்லாம் திடப்பொருளின் மேற்பரப்பில் மட்டும் படியும்.

இதன் வலிமை எளிமை. ஆவியழுத்தமும் கரைதிறனும் தெரிந்தால் போதும், கணக்குப் போட்டுவிடலாம். பலவீனமும் அதே இடத்தில்தான். கண்ணாடிக்குத் திட்டவட்டமான உறைநிலை கிடையாது; அது குளிரக் குளிரக் கெட்டிப்பட்டுக்கொண்டே போகும். நூறு மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள துளியின் நடுப்பகுதிவரை சமநிலை எட்டிவிடும் என்று கொள்வதானால், விரவல் எல்லையற்ற வேகத்தில் நடப்பதாகக் கொள்ளவேண்டும். மில்லருக்கு இது தெரியாததல்ல. அப்போது அளந்த எண்கள் கையில் இல்லை.

அளக்கப் புறப்பட்டவர்கள்

எண்களைத் தேடி இறங்கியவர்கள் சான் டியாகோவின் ஜெனரல் அட்டாமிக் நிறுவனத்தில் இருந்தார்கள். 1967இல் கோர்ட்சும் நார்மனும் ஒரு மாதிரியை முன்வைத்தனர்: துளியின் மேற்பரப்பு மட்டுமே ஆவியோடு சமநிலையில் இருக்கும், உள்ளே போவதை விரவல் வேகம் கட்டுப்படுத்தும். இதற்கு வேண்டிய விரவல் குணகங்களை வின்செல்லும் நார்மனும் உயர்வெப்பநிலைச் சிலிகேட் குழம்புகளில் கதிரியக்க அணுக்களைச் செலுத்தி அளந்தார்கள். அவ்வழியில் வின்செல் 1969இல் சுட்டிய ஈடுசெய் விதி சுவையானது: விரவலுக்கு வேண்டிய கிளர்வு ஆற்றல் கூடக்கூட, அதன் முன்காரணியின் மடக்கையும் ஒரு நேர்கோட்டில் கூடுகிறது. அதாவது ஒன்றை அளந்தால் மற்றதை ஓரளவு ஊகிக்கலாம்.

இந்த வேலைக்கு இன்னொரு கரையிலும் தொடர்பு உண்டு. சிலிகேட் குழம்பில் விரவலைப் பற்றி என். எல். போவன் 1921லேயே எழுதியிருக்கிறார். அவர் அக்கறை எரிமலைப் பாறைகள் எப்படி உருவாகின்றன என்பதில் இருந்தது. அவருக்குப் பின் வந்த புவிவேதியியலாளர்கள் சேர்த்த அளவீடுகளை யோசுவே ஜாங் முதலானோர் 2010இல் ஒரு பெருந்தொகுப்பாக்கினர். அதிலிருந்து தெரியவருவது: சிலிக்கான், ஆக்சிஜன் போன்று வலைப்பின்னலைக் கட்டும் அணுக்களின் வேகத்தைக் குழம்பின் பாகுநிலையிலிருந்தே மதிப்பிடலாம். சோடியம் போன்ற கார உலோகங்கள் அந்த விதிக்குக் கட்டுப்படாமல் வலையின் இடுக்குகளில் பல மடங்கு வேகமாக ஓடும். யுரேனியம், தோரியம் போன்று மின்சுமை மிகுந்தவை மிக மெதுவாக நகரும். நீர் சிறிதளவு சேர்ந்தாலும் வேகம் வெகுவாக மாறும்.

எத்தனை சிறிய தூரங்கள் இவை என்பதைப் பார்க்கலாம். விரவல் குணகம் நொடிக்கு ஒரு சதுர மீட்டரின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு என்றால், ஒரு நொடியில் அணு கடக்கும் தூரம் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர். குணகம் நூறு மடங்கு கூடினாலும் தூரம் பத்து மடங்குதான் கூடும். தீக்கோளத்தில் துளி குழம்பாக இருக்கும் நேரம் சில நொடிகளே. ஆகவே அரை மில்லிமீட்டர் துளி ஒன்று விரவலால் மட்டும் சீராகக் கலந்துவிட்டது என்று யாராவது சொன்னால் ஐயப்படுவது நியாயம்.

கலந்தது விரவலாலா?

1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ பாலைவனத்தில் 30 மீட்டர் உயர எஃகுக் கோபுரத்தில் வெடித்த முதல் குண்டு, டிரினிடைட் எனப்படும் பச்சைக் கண்ணாடியை விட்டுச்சென்றது. மின்வடங்களின் செம்பு கலந்த இடங்களில் அது சிவப்பு. இக்கண்ணாடி தரையிலேயே உருகிய மேலோடு என்பதே பல ஆண்டுக்காலக் கருத்து. 2005இல் ஹெர்ம்ஸும் ஸ்ட்ரிக்ஃபேடனும் அதை மறுத்து, மணலில் பெரும்பகுதி தீக்கோளத்துக்குள் உறிஞ்சப்பட்டு, அங்கே உருகி, மழைபோல் திரும்பப் பெய்தது என்று வாதிட்டனர். இரண்டும் ஓரளவு நடந்திருக்கக்கூடும் என்ற நிலைப்பாடே இன்று பாதுகாப்பானது.

விரவல் ஆய்வுக்கு டிரினிடைட் தரும் சான்று எதிர்மறையானது. குவார்ட்ஸ் உருகிய பகுதியும் ஃபெல்ட்ஸ்பார் உருகிய பகுதியும் அருகருகே கலக்காமல் கிடக்கின்றன. உருகாத குவார்ட்ஸ் மணிகளும் அங்கங்கே உண்டு. மைக்ரோமீட்டர் அளவில் வேதிக் கலவை துள்ளிக் குதிக்கிறது. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தினர் 2014, 2015 ஆண்டுகளில் நெவாடாவின் தரையருகுச் சோதனை ஒன்றின் கண்ணாடிக் கோளங்களை ஆராய்ந்தபோதும் இதையே கண்டார்கள். ஒரே கோளத்துக்குள் யுரேனியத்தின் ஐசோடோப்பு விகிதம் இடத்துக்கு இடம் மாறியது. குண்டின் செறிவூட்டிய யுரேனியமும் மண்ணில் இயல்பாக உள்ள யுரேனியமும் முழுதாகக் கலக்காத வரிகளாகத் தெரிந்தன.

அப்படியானால் ஆடம்ஸ் குழு கண்ட, உடல் முழுதும் பரவிய கதிரியக்கம்? இங்கே இன்னொரு தரப்பு வருகிறது. குழம்புத் துளிகள் ஒன்றோடொன்று மோதி ஒட்டுகின்றன; காற்றில் சுழல்கின்றன; உள்ளே ஓட்டங்கள் எழுகின்றன. பாகில் போட்ட ஏலப்பொடி அடிவரை போவது கரண்டி கிண்டுவதால்தான் என்பது போல, இந்தக் கலக்கல் மேற்பரப்பை மடித்து உள்ளே தள்ளும். விரவல் அந்த மடிப்புகளின் ஓரங்களை மட்டும் மழுங்கச் செய்யும். இவ்விளக்கம் நம்பத்தகுந்தது. ஆனால் இதில் ஒரு வசதி அளவுக்கு மேல் இருக்கிறது: எந்த வகைப் பரவலையும் போதுமான அளவு கிண்டினால் விளக்கிவிடலாம். கிண்டலின் அளவைத் தனியாக அளக்க வழியில்லாதவரை இது விடையின் ஒரு பாதியே.

ஒட்டிய துளிகளின் இடைவெளியில்

ஆகவே கலக்கல் இல்லாத ஓர் இடம் தேவைப்பட்டது. அதை லிவர்மோரின் டேவிட் வைஸ் குழுவினர் கண்டார்கள். இரண்டு கண்ணாடித் துளிகள் பறக்கும்போதே ஒட்டிக்கொண்டால், ஒட்டிய இடத்தில் இருந்த பழைய மேற்பரப்பு நடுவில் சிக்கிப் பாதுகாக்கப்படும். பிற இடங்களில் அழிந்துபோன மேல்தோல் அங்கே அப்படியே இருக்கும். அவர்கள் 11 இடைமுகங்களை நானோ அளவில் நிறையைப் பிரித்துக் காட்டும் அயனிக் கருவியால் வருடினார்கள். 7 இடைமுகங்களில் யுரேனியம் மிகுந்திருந்தது. 9இல் அது 75 விழுக்காட்டுக்கும் மேல் யுரேனியம்-235ஆக, அதாவது ஐயமில்லாமல் குண்டிலிருந்து வந்ததாக இருந்தது. இரும்பு, கால்சியம், சோடியம் ஆகியவை கூடியிருந்தன. அலுமினியமும் டைட்டானியமும் குறைந்திருந்தன. எல்லாமே சில மைக்ரோமீட்டர் அகலத்தில், இருபுறமும் சரிந்து தேயும் வளைவுகளாக இருந்தன. விரவல் விட்டுச்செல்லும் கையொப்பம் அது.

அடுத்த கட்டுரையில் அந்த வளைவுகளையே கடிகாரமாக்கினார்கள். துளி 2500 கெல்வினிலிருந்து 1500 கெல்வினுக்குக் குளிர்வதாகக் கொண்டு, யுரேனியம் அவ்வளவு அகலம் விரவ எத்தனை நேரம் ஆகும் என்று கணக்கிட்டனர். விடை, 0.1 கிலோடன் வெடிப்பென்றால் 0.6 நொடிக்குள், 1 கிலோடன் என்றால் 1 நொடிக்குள், 10 கிலோடன் என்றால் 2 நொடிக்குள், 100 கிலோடன் என்றால் 3.5 நொடிக்குள். 1 கிலோடன் கணக்கில் யுரேனியம் துளியில் படிந்தபோது வெப்பநிலை அதிகபட்சம் ஏறத்தாழ 2200 கெல்வின். ஒரு சோதனைக்கு நான்கு விடைகள் ஏன் என்று வாசகர் வியக்கலாம். சோதனையின் பெயரையோ ஆற்றலையோ கட்டுரை வெளியிடவில்லை. அணு ஆயுத ஆய்வின் இரகசியம் அறிவியல் கட்டுரையின் வடிவத்தையே தீர்மானிக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

என் மதிப்பீட்டில் இத்துறையில் இதுவரை வந்த மிகத் தெளிவான பரிசோதனை இதுவே. அதனாலேயே அதன் தாங்குதூண்களை நெருங்கிப் பார்க்கவேண்டும். கடிகாரம் காட்டும் நேரம், விரவல் குணகத்தை எவ்வளவு நம்பலாம் என்பதைப் பொறுத்தது. யுரேனியத்துக்கு அளக்கப்பட்ட குணகங்கள் பெரும்பாலும் எரிமலைக் குழம்பின் வெப்பநிலைகளைச் சேர்ந்தவை, 1000 முதல் 1600 டிகிரி செல்சியஸ் வரை. 2200 கெல்வின் என்பது 1900 டிகிரிக்கும் மேல். அங்கே எண்கள் நீட்டிப்பால் பெறப்பட்டவை. கிளர்வு ஆற்றல் மோலுக்கு 250 கிலோஜூல் என்று வைத்துக்கொண்டால், 2200இலிருந்து 1800 கெல்வினுக்கு இறங்கும்போது விரவல் ஏறத்தாழ இருபது மடங்கு குறையும். எனவே வளைவின் அகலத்தில் பெரும்பகுதி முதல் கணங்களிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. தொடக்க வெப்பநிலையை 200 டிகிரி உயர்த்தினால் குணகம் மூன்று மடங்காகும். அதே அகலத்துக்கு வேண்டிய நேரம் மூன்றில் ஒன்றாகும். ஓர் அகலத்தை வைத்துக்கொண்டு நேரம், வெப்பநிலை என்ற இரண்டு அறியாதவற்றைத் தேடும் சிக்கல் இது. வைஸ் குழு வெப்பக் கடத்தல் மாதிரி ஒன்றைச் சேர்த்து அதைத் தீர்க்கிறது. அப்படித் தீர்ப்பது முறையானதுதான். ஆனால் விடையின் உறுதி அந்த மாதிரியின் உறுதிக்கு மேல் போகாது.

சோடியம் எழுப்பும் கேள்வி இன்னும் கூர்மையானது. தனியாக விட்டால் சோடியம் யுரேனியத்தைவிட மிக வேகமாக விரவவேண்டும். ஒரு நொடியில் அந்தப் பட்டை கரைந்து காணாமல் போயிருக்கவேண்டும். ஆனால் அது யுரேனியத்தோடு அதே குறுகிய இடத்தில் நிற்கிறது. புவிவேதியியலில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு: பல கூறுகள் கலந்த குழம்பில் சோடியம் தன் செறிவுச் சரிவை மட்டும் பார்த்து ஓடுவதில்லை, சிலிக்காவின் சரிவு மறையும்வரை அதனோடு பிணைந்து நிற்கும், சில வேளை எதிர்த்திசையிலும் ஏறும். அந்தப் பிணைப்பு இங்கேயும் நடந்திருக்கலாம். அப்படியானால் யுரேனியத்துக்கும் தனித்த ஒற்றைக் குணகம் போதுமா என்ற கேள்வி தவிர்க்க முடியாதது. ஒரு பரிமாணத்தில், ஒற்றைக் குணகத்தோடு போட்ட கணக்கு அதற்குப் பதில் தராது.

உள்ளே வருவதும் வெளியே போவதும்

இதுவரை சொன்ன தரப்புகள் எல்லாம் ஆவி துளிக்குள் வருவதையே பார்த்தன. துளியிலிருந்து ஆவி வெளியேறுவதும் அதே நொடிகளில் நடக்கிறது. ஜேம்ஸ் டே குழு 2017இல் டிரினிடைட்டின் துத்தநாகத்தை அளந்தபோது, வெடிப்பு மையத்துக்கு நெருங்கிய கண்ணாடியில் துத்தநாகம் குறைந்தும், எஞ்சியதில் கனமான ஐசோடோப்புகள் கூடியும் இருந்தன. இலேசானவை முதலில் ஆவியாகிப் போனதன் அடையாளம் இது. சந்திரன் பிறந்த பெருமோதலைப் புரிந்துகொள்ளவும் இதைப் பயன்படுத்துகிறார்கள். மேற்பரப்பிலிருந்து ஆவியாகிறபோது உள்ளிருந்து புதிதாகத் துத்தநாகத்தைக் கொண்டுவந்து கொடுப்பதும் விரவல்தான். ஆக அதே நிகழ்வு இரு திசைகளிலும் வேலை செய்கிறது. ஒரு திசைக்கு எழுதிய மாதிரி மற்றதைப் பெரும்பாலும் புறக்கணிக்கிறது.

ஆக்சிஜனின் பங்கும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. எளிதில் ஆவியாகும் சோடியமும் அவ்வளவு எளிதில் ஆவியாகாத கால்சியமும் ஒரே பட்டையில் படிந்திருப்பதை வைத்து, தீக்கோளத்தில் ஆக்சிஜன் மிகுந்திருந்தது என்று வைஸ் குழு முடிவுசெய்கிறது. ஆக்சிஜன் மிகுந்தால் யுரேனியம் வேறோர் ஆக்சைடாக ஆவியில் தங்கும், படியும் வெப்பநிலையும் மாறும். ஹிரோஷிமா விரிகுடாக் கரை மணலில் கிடைத்த கண்ணாடித் துணுக்குகளை 2019 முதல் ஆராய்வோர் அவற்றில் சிலவற்றைத் தீக்கோள ஆவியிலிருந்து நேரடியாகப் படிந்தவை எனக் கருதுகிறார்கள். அங்கே குண்டு தரையிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. மூலப்பொருளாக இருந்தது பாலை மணலல்ல, ஒரு நகரம். நெவாடாவில் பெற்ற எண்களை அங்கே அப்படியே பொருத்துவது துணிச்சல்.

தீராதவை

விரவல் நடந்ததா என்ற ஐயம் இன்று இல்லை. சில மைக்ரோமீட்டர் ஆழத்துக்கு, ஒரு சில நொடிக்குள் என்ற அளவில் உடன்பாடு கூடிவருகிறது. துளியின் உடல் முழுதும் கதிரியக்கம் பரவியிருப்பதற்கு விரவலைவிட மோதலும் ஒட்டலும் கலக்கலும் பெரிய காரணம் என்பதும் பெரும்பாலும் சரியாக இருக்கும். அந்த வகையில் ஃப்ரைலிங்கின் தோல், உடல் என்ற இருமைக் கணக்கு தவறான காரணத்துக்காகச் சரியான விடையைத் தந்திருக்கலாம்.

நேரத்தையும் வெப்பநிலையையும் இலக்க எண்களாகச் சொல்லும் முடிவுகளை மட்டும் இன்னும் ஒரு மடங்கு தளர்வோடு படிப்பது நல்லது. செனான் ஐசோடோப்புகள் தரும் தனிக் கடிகாரம் ஒன்று உண்டு: ஒவ்வொரு செனானும் வெவ்வேறு அரைஆயுள் கொண்ட முன்னோடியிலிருந்து பிறப்பதால், கண்ணாடி எப்போது மூடிக்கொண்டது என்பதை அவற்றின் விகிதம் சொல்லும். லிவர்மோரின் கசாட்டா குழு 2014இல் இவ்வழியைத் திறந்தது. ஒரே துணுக்கில் செனான் கடிகாரத்தையும் யுரேனியத்தின் விரவல் கடிகாரத்தையும் அருகருகே படித்தால் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்பது தெரியும். அதற்கு முன், 1600 டிகிரிக்கு மேல், ஆக்சிஜன் அளவைக் கட்டுப்படுத்தி, நெவாடா மண்ணை ஒத்த குழம்பில் யுரேனியத்தின் குணகத்தை நேரடியாக அளக்கவேண்டும். லேசரால் உருக்கி, தாங்கியில்லாமல் மிதக்கவிட்ட துளிகளில் அது இயலக்கூடிய வேலை. 1963இன் அணுச்சோதனைத் தடை உடன்படிக்கைக்குப் பின் பெரும்பாலான நாடுகளும், 1980க்குப் பின் எந்த நாடும், வளிமண்டலத்தில் குண்டு வெடிக்கவில்லை. ஆகவே ஆராயக் கிடைப்பவை அந்தப் பழைய துணுக்குகள் மட்டுமே. அவற்றை வெட்டித் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் இருப்பு குறைகிறது.